பொட்டுக்கு அடியில் உரிம எண்

கணினிகளுக்கு மறுபடியும் விண்டோஸ் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அழிப்பதற்குக் கூலி வாங்கும் தொழில் என்றும் சொல்லலாம். மாசாய் என்கிற ஊரில் எனக்கும் கூட்டாளி காதருக்கும் சின்னக் கடை. ஃபார்மட் போடக் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களும், போட வாங்கிவிட்டுத் தவித்தவர்களும் இதை நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

குப்பைத்தொட்டி

பக்கத்துத் தொழிற்பேட்டையான பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் சேகர் தன் கணினியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே முக்கியமானது ஏதாவது உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்றுமில்லை, துடைத்துவிடுங்கள் என்றார். இப்படிச் சொல்பவர்களை நான் நம்புவதே இல்லை. படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டுதான் கைவைத்தேன்.

மறுநாள் முகம் வெளிறி ஓடிவந்தார். மனைவியின் பிறந்தநாளுக்காக ரகசியமாகச் சேர்த்த படங்களைக் காணோமாம். என் பிரதியிலும் அவை இல்லை. அவற்றை அவர் வைத்திருந்தது, அழித்த கோப்புகள் போய்ச் சேரும் ‘ரீசைக்கிள் பின்’னில். நாள் முழுக்க மல்லுக்கட்டி மீட்டேன். ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுல எல்லாரும் கம்ப்யூட்டர நோண்டுவாங்கண்ணே. குப்பைத்தொட்டிய மட்டும் யாரும் தொறந்து பாக்கமாட்டாங்க லா."

தொலைபேசிப் பெண்

விண்டோஸின் சில உரிம எண்களை இணையம் ஏற்காது. தொலைபேசியில் அழைத்துத் திரையிலுள்ள எண்களைச் சொல்ல வேண்டும்; பதிவு செய்த பெண் குரல் பதில் எண்களைச் சொல்லும். அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெருமாள் அண்ணன், தன் கணினிதானே என்று போனை வாங்கிக்கொண்டார். வாக்கி-டாக்கியில் பேசிப் பழகியவர். அவள் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் அவளிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். வேலை ஒரே மூச்சில் முடிந்தது. அண்ணன் முகம் மட்டும் வாடியிருந்தது.

"நல்ல பொண்ணுதான் தம்பி. ஆனா சாப்டியாம்மான்னு கேட்டேன், அதுக்கு ஒரு வார்த்த பேசல."

பொட்டு

மல்லிகா அக்கா இணையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். லாரி ஓட்டிய கணவர் போன வருடம் தவறிவிட்டார். அக்காவின் பழைய மடிக்கணினிக்குப் புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டு, உரிம எண்ணைப் பார்க்கக் கவிழ்த்தேன். எண் இருந்த ஸ்டிக்கர் மேல் கெட்டியாகச் சந்தனமும் குங்குமமும். கடைசி ஆயுத பூஜையில் லாரிக்கு வைத்த கையோடு இதற்கும் பொட்டு வைத்திருக்கிறார் கணவர். மேலே வைத்தால் அழிந்துவிடும் என்று அடியில் வைத்தாராம்.

துணியை நனைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத மட்டும் அழிச்சிராதீங்க தம்பி. அவரு வச்சது."

திருட்டு உரிமம் போட்டுவிடலாமே என்றார் காதர். அக்கா அதற்கும் சம்மதிக்கவில்லை. அசல்தான் வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக வாங்கியதாம். பொட்டும் போகக்கூடாது, போலியும் கூடாது. வேறு யாராக இருந்தாலும் எரிந்து விழுந்திருப்பேன். அன்று துணியை ஓரமாக வைத்துவிட்டேன்.

காதர் கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். சந்தனத்தின் வெடிப்புகளுக்கு நடுவே எழுத்துகள் தெரிந்தன, குங்குமத்துக்கு அடியில் இருந்த ஒன்றைத் தவிர. அதற்கு ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தோம். தவறு என்று வரும்போதெல்லாம் அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒருவழியாக உரிமம் ஏற்கப்பட்டது என்று திரை சொன்னது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காதரைப் பார்த்தார்.

"அவரு என்னைக்குமே டூப்ளிகேட் சாமான் வாங்குனதில்ல."

கணினிக்கு விண்டோஸ் போடுவது ஒரு மணி நேர வேலைதான். அந்தக் கணினிக்குள் குடும்பம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் போடுவதற்குத்தான் நாள் முழுக்க ஆகிவிடுகிறது.