திருவிழா மாத்திரை

போன மாசியில் என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. விழுந்த வாரமே எங்கள் வீட்டில் எல்லோரும் தோல் டாக்டர் ஆகிவிட்டார்கள். மாமியார், கணவர், போனில் நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா என்று ஒருவர் பாக்கியில்லை. எல்லோருக்கும் ஒரே தீர்ப்புதான்: வெயில். அந்த வெயிலுக்குக் காரணம் என் வேலை. வேலையை விட்டால் முகம் தானாகத் தெளிந்துவிடும்.

நான் ஒரு மாங்கூழ் ஆலையில் களப்பணியாளர். சீசன் நெருங்கினால் தோப்பு தோப்பாகப் போய், பெங்களூரா மாங்காய் எந்த வாரம் பறிப்புக்கு வரும் என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். அதியமான்கோட்டையில் வீடு. காலையில் ஸ்கூட்டியில் கிளம்பினால் காரிமங்கலம் பக்கம் சுற்றிவிட்டு வர மாலையாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு நானாகத் தேடிக்கொண்டது என்று சொன்னால் இந்த வேலை ஒன்றுதான். அதனால் மங்கு விழுந்ததைவிட அந்தத் தீர்ப்புதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

தருமபுரியில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். வெயிலுக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூச வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை முகம் கழுவி மறுபடி பூச வேண்டும். மாந்தோப்பில் முகம் கழுவ நான் எங்கே போவது? பம்புசெட் தொட்டியில்தான் கழுவினேன். "என்னங்க மேடம், மூஞ்சிக்கு வெள்ளையடிக்கிறீங்க" என்று தோப்புக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பூசினேன். ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். மங்குக்கு வெயில் மட்டும் காரணமில்லை, ஹார்மோனும் காரணமாக இருக்கலாம், ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று. மாதவிலக்கான இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வெறும் வயிற்றோடு, காலை ஒன்பது மணிக்குள் வர வேண்டும்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்கு வந்து ஜெயித்த மாதிரி சொன்னேன். கணவர் யோசித்துவிட்டு ஒரு பேச்சுப் பேசினார். "சரி, டெஸ்ட் எடு. ஹார்மோன்னா மருந்து சாப்புடு, வேலைக்கும் போ. எல்லாம் சரியா இருந்துச்சுன்னா வெயில்தான்னு ஆயிடும். அப்ப வேலைய வுட்டுடணும்." நானும் தலையாட்டினேன். மாதவிலக்கு முன்னே பின்னே வந்துகொண்டிருந்தது, முடி கொட்டிக்கொண்டிருந்தது. ஹார்மோன்தான் என்று அத்தனை நிச்சயமாக இருந்தேன்.

பங்குனியில் ஊர் மாரியம்மன் திருவிழா வந்தது. என் தேதியும் சரியாக அன்றைக்கே வந்து நின்றது. மாமியார் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீ வூட்டுக்குத் தூரமாயிட்டா மாவிளக்கு யாரு எடுக்கறது? பெரிய மருமவ நீதான கண்ணு. மாத்திரை போட்டுக்க." மருந்துக் கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரரே, "திருவிழா மாத்திரைங்களா?" என்று அட்டையை எடுத்து நீட்டினார். எங்கள் பக்கம் அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. தேங்காய், சூடம் வாங்குகிற பட்டியலில் அதுவும் ஒன்று. பத்து நாள் போட்டேன். மாவிளக்குத் தட்டோடு உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடந்தேன். அன்றைக்குக் களிம்பும் கிடையாது. அம்மன் கோயிலுக்குப் போகிற முகத்தில் மஞ்சளைத் தவிர எதையும் பூசக் கூடாதாம்.

மாத்திரையை நிறுத்திய நாலாம் நாள் விலக்கானேன். மறுநாள் காலை காப்பிகூடக் குடிக்காமல் பஸ் பிடித்துப் போய் ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார்.

"வேற எதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லைங்க மேடம்."

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு நினைவு வரவில்லை. அவரும் இந்த மாவட்டத்துக்காரர்தான், தெரிந்து வைத்திருந்தார். "கோயில், குளம்னு நாளைத் தள்ளிப் போட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அதுவே ஹார்மோன்தாம்மா. ஹார்மோனை முழுங்கிட்டு வந்து ஹார்மோன் டெஸ்ட் எடுத்திருக்கீங்க. இதை வெச்சு நான் என்ன சொல்றது?"

எத்தனை முறை போட்டிருக்கிறேன் என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினேன். ஆடியில் கூழ் ஊற்ற. கார்த்திகையில் கணவர் மாலை போட்டிருந்தபோது இரண்டு தடவை. தையில் ஒரு புதுமனை புகுவிழா. இப்போது இது. ஒரே வருடத்தில் ஐந்து. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மங்கு வர இது போதும். இதையும் போட்டுட்டு வெயில்லயும் நின்னா கேக்கவே வேணாம். ரெண்டு மாசம் எதையும் தொடாதீங்க. அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம்."

பஸ்ஸில் வரும்போது என் மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன மருந்து அடித்தீர்கள், எப்போது அடித்தீர்கள் என்று கேட்காமல் நான் எந்தத் தோப்பிலும் ஒரு காயை மாதிரிக்கு எடுத்ததில்லை. மறைத்துச் சொல்கிற விவசாயிகளிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். என் உடம்புக்கு அந்தக் கேள்வியை நான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

சித்திரையில் கொழுந்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. மாமியார் மறுபடியும் அட்டையை என் டிபன் டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். போட மாட்டேன் என்றேன். "ஒரு நாளு கூத்துக்கு இத்தன வீம்பா?" என்று ஆரம்பித்தது, கணவர் வரைக்கும் போய் நின்றது. காதுகுத்து அன்று நான் ஒருத்தி மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வைகாசிக் கடைசியில், இரண்டாம் நாள், வெறும் வயிறு, ஒன்பது மணிக்குள். எல்லாம் முறைப்படி கொடுத்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாமே நார்மல். மாத்திரைய வுட்டுட்டீங்க இல்ல, மங்கு மெல்லக் கொறையும். களிம்ப மட்டும் வுடாதீங்க."

அன்று மாலை கணவர் அந்தக் காகிதத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். "எல்லாம் சரியா இருக்குதா?"

"சரியா இருக்குதுங்க."

"அப்ப வெயில்தான்."

மாத்திரையைப் பற்றி டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். "அதெல்லாம் ஊருல எல்லாப் பொம்பளைங்களும் போடறதுதான். அவங்களுக்கெல்லாம் மங்கா வந்துருக்குது?" என்றார். உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "சொன்ன சொல்லுல நிக்கணும் கண்ணு."

கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒத்துக்கொண்டவள் நான்தானே. "ஆனி வரைக்கும் போயிக்கிறங்க, பாதி சீசன்ல வுட முடியாது" என்று, என் வேலைக்கு நானே கெஞ்சினேன். சரி என்றார், பெரிய மனசு பண்ணி.

படுக்கப் போகும் முன் அந்த ரிப்போர்ட்டை எடுத்து நானும் ஒரு முறை படித்தேன். இத்தனை வரிகளில் ஏதாவது ஒன்றாவது கெட்டிருக்கக் கூடாதா என்று மனசார நினைத்தேன். நோய் இல்லை என்பதற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.