ரொறன்ரோவுக்கு ஐந்தாம் இடம்

சனிக்கிழமை காலை கடையின் இரும்புக்கதவை உயர்த்திக்கொண்டிருந்தபோது பாரிஸ் புறநகரான ஸ்தேனிலிருந்து தொலைபேசி வந்தது. பரமேஸ் அக்கா போய்விட்டார். ரூ காய் தெருவில் எங்கள் கடையில் சேலை வாங்கிய உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் அமெரிக்க பேஸ்போலில் அவர் எவ்வளவு கெட்டிக்காரி என்பது பக்கத்தில் நின்று பதினொரு வருடம் சேலை மடித்த எனக்குத்தான் தெரியும்.

முதலில் சுதனைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவின் ஒரே மகன். போர்க்காலத்தில் பத்து வயதுப் பிள்ளையை மாமனோடு ரொறன்ரோவுக்கு அனுப்பும்போது, "ஒரு மாசத்திலை அம்மா வந்திடுவன்" என்று சொல்லியிருக்கிறார். விசா கிடைக்கவில்லை. அக்கா வந்து சேர்ந்தது பாரிசுக்கு. பிள்ளை நாட்களை எண்ணி எண்ணிப் பார்த்து, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். வளர்ந்த பின்பும் தொலைபேசியில் 'ஓம்', 'இல்லை', 'பிறகு எடுக்கிறன்', அவ்வளவுதான்.

போர் முடிந்த அடுத்த வருடம் ஒருநாள், அங்கே தொலைக்காட்சியில் என்ன சத்தம் என்று அக்கா கேட்டார். பேஸ்போல் என்றான். ரொறன்ரோ இருக்கும் பிரிவில் ஐந்து அணிகள். பருவம் தொடங்குமுன் அவை எந்த ஒழுங்கில் முடிக்கும் என்று எழுதிவைப்பது அங்கத்தைய ஆட்களுக்கு ஒரு பைத்தியம். "நானும் எழுதட்டோ?" என்று கேட்டிருக்கிறார் அக்கா. அன்று அவன் நாற்பது நிமிடம் கதைத்தான்.

அதன்பிறகு எங்கள் மதியச் சாப்பாடு நாசமாய்ப் போனது. சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் கைபேசி, அதில் பந்தெறிகிறவர்கள். "அவையின்ர தோளைப் பாருங்கோ. ஆடியிலை களைச்சால் அணியும் களைச்சுப்போம்" என்பார். ரொறன்ரோவை ஐந்தாவதாக எழுதிவிட்டு, அது வெல்லவேண்டும் என்று பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துவார். இதென்ன கூத்து என்றால், "விருப்பத்தைச் சாமிக்குச் சொல்லலாம். பட்டியலிலை எழுதக்கூடாது" என்பார். மகனுக்கும் அதுதான் பிடித்திருந்தது.

ஒரு வருடம் கண்ணில் சத்திரசிகிச்சை. அக்கா சொல்லச் சொல்ல நான் கைபேசியில் தட்டினேன். ரொறன்ரோ வழக்கம்போல ஐந்து. பெற்ற தாய் மகனுடைய ஊரைக் கடைசியில் போடுவதா? எனக்குப் பொறுக்கவில்லை. முதலாவதாகப் போட்டு அனுப்பிவிட்டேன். பெரிய புண்ணியம் செய்த நினைப்பு வேறு.

மூன்று கிழமை அழைப்பில்லை. ஒவ்வொரு சேலைக்கும் இடையில் அக்கா கைபேசியைத் தடவிப் பார்ப்பார். கடைசியில் அழைத்தவன் ஒரு வசனம்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "பொய் சொல்லிச் சமாளிக்க நான் இப்ப பத்து வயசுப் பிள்ளை இல்லை அம்மா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். விளங்கிவிட்டது. "ஓம் அப்பன், பிழை என்ரைதான்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏனென்று அழுதுகொண்டே கேட்டேன். "நீங்கள் அன்பிலைதானே செய்தனீங்கள். நானும் அண்டைக்கு ஒரு மாசம் எண்டு அன்பிலைதான் சொன்னனான்" என்றார். அடுத்த வருடத்திலிருந்து பட்டியலைத் தன் கையாலேயே எழுதிப் படமெடுத்து அனுப்பினார். அவனும் கதைத்தான். ஆனாலும் நாற்பது நிமிடம் பிறகு ஒருநாளும் வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கோழை நான்.

கிரியைகள் முடிந்து சுதன் கடைக்கு வந்தார். நாற்பதை நெருங்கிய மனிதர், தாயின் நெற்றி. நன்றி சொல்லத் தொடங்கியவரை மறித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அம்மா எனக்குப் பொய் எழுதேல்லை" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், "முதலே சொல்லியிருக்கலாம் அக்கா" என்றார்.

பரமேஸ் அக்காவிடமிருந்து ஆளுக்கொன்று நீங்கள் வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது, அவர் எனக்காகச் சுமந்த அந்தப் பொய். சுதனிடம் இறக்கிவைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை, அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.