குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு வாங்கிய வாடகைப்படி

1998 ஆடி மாதம். செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தவள் நான். ஒரு வியாழக்கிழமை காலை என் மேஜைமேல் மெமோ ஒன்று கிடந்தது. அரசுக் குடியிருப்பில் வசித்துக்கொண்டே மூன்று வருடமாக வீட்டு வாடகைப்படியும் வாங்கியிருக்கிறேனாம். உண்மையை மறைத்ததற்காக என்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். தணிக்கைக்கு வந்தவர்கள் கண்டுபிடித்தது. பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். வேலையே போய்விடும் என்று பயந்தேன்.

யாரிடம் சொல்வது? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயது நாற்பத்து மூன்று. கூட இருந்த அம்மாவும் அந்தத் தை மாதம் போய்விட்டாள். சாயங்காலம் கதவைத் திறந்தால், காலையில் நான் குடித்துவிட்டு வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தாலே அழுகை வரும்.

ஆபீஸிலும் பேச்சு நின்றுபோயிற்று. மதியம் என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் நான் வருவதற்குள் டப்பாவைக் கழுவப் போய்விடுவார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. குவார்ட்டர்ஸ் கிடைத்த வாரமே வாடகைப்படியை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். அது சத்தியம். ஆனால் படி நிற்கவில்லை. சில மாதம் கழித்துச் சம்பளச் சீட்டில் அதைக் கவனித்தேன். அப்போது அம்மா படுத்த படுக்கை. மருந்துக்கு ஆயிற்று. பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, மாமல்லபுரத்தில் பஸ் மாறித் திருவிடந்தைக்குப் போனேன். என் கல்யாணத்துக்காக அம்மா பலமுறை வேண்டிக்கொண்ட கோயில். வரன் வேண்டிக் கழுத்தில் மாலையோடு பிரகாரம் சுற்றுகிற பிள்ளைகளுக்கு நடுவில் நான் மட்டும், "பெருமாளே, வேலை போகாமல் பார்த்துக்கொள்" என்று அழுதேன். மனசு ஆறவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். வாசலில் பூ விற்கிற தனம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னாம்மா, போன வாரமும் அழுதுகினே போனே. பொண்ணுக்கு வரன் அமையலியா?"

"பொண்ணெல்லாம் இல்லம்மா. ஆபீஸ்ல ஒரு பிரச்சனை."

எப்படி வாய் வந்ததோ, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து விஷயம் உட்பட. அவள் பூக் கட்டுவதை நிறுத்தவில்லை.

"சாமிகிட்ட இத்தச் சொன்னியா?"

"காப்பாத்துன்னு கேட்டேன்."

"அது கேட்டே. பாத்தும் வாயத் தொறக்கலன்னு சொன்னியா?"

அதை நான் சொல்லியிருக்கவில்லை.

"மொதல்ல உள்ள போய் அத்தச் சொல்லு. அப்பால ஆபீஸ்ல சொல்லு. லெட்டர் குடுத்திருந்தா எந்த நோட்டுலனா ஏத்தியிருப்பாங்க, தேடச் சொல்லு. இங்க குந்திகினு அழுதா இன்னா ஆவும்?"

மறுபடி உள்ளே போனேன். "நான் பார்த்தேன், தெரிந்தேதான் வாங்கினேன்" என்று பெருமாளிடம் சொன்னேன். அன்றைக்கு வேலையைக் கேட்கவில்லை. தைரியம் கொடு என்று மட்டும் கேட்டேன். மெமோ வந்த பிறகு அன்றைக்குத்தான் கோயிலிலிருந்து அழாமல் வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை அதிகாரியின் அறைக்குப் போனேன். கடிதம் கொடுத்ததையும் சொன்னேன், பிறகு பேசாமல் இருந்ததையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது விஷயத்த உங்கள யாரும் கேக்கலியேம்மா?"

"கேக்கலை சார். ஆனா அதுதான் உண்மை."

"ரெண்டையும் எழுதிக் குடுங்க. லெட்டரத் தேடச் சொல்றேன்."

பதிவறையைப் பார்த்துக்கொண்டிருந்த காதர் அண்ணன் இரண்டு நாள் பழைய கட்டுகளைப் புரட்டினார். மூன்றாம் நாள், கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, உடம்பெல்லாம் தூசியோடு என் மேஜைக்கு வந்தார்.

"கெடச்சிடுச்சும்மா! தபால் பதிவேட்டுல உன் லெட்டர் ஏறிக்கீது. தேதியோட கீது!"

அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதேன். "ஆண்டவன் காட்டினான், அழாதம்மா" என்றார் அவர். தேடிக்கொடுத்த கை அவருடையது. அனுப்பியது பெருமாள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புரட்டாசியில் உத்தரவு வந்தது. மறைத்ததாகச் சொன்ன குற்றச்சாட்டை நீக்கிவிட்டார்கள். கவனித்தும் சொல்லாததற்குக் கண்டனம் மட்டும். அதிகமாக வாங்கியதைச் சம்பளத்தில் மாதாமாதம் சிறுகச் சிறுகப் பிடித்தார்கள். நாலு வருடம் பிடித்தார்கள். ஒரு மாதம்கூட அதற்காக நான் வருத்தப்படவில்லை.

பழைய சாப்பாட்டுக் கூட்டம் திரும்பச் சேரவில்லை. வீட்டிலும் இன்றுவரை நான் ஒருத்திதான். ஆனால் ராத்திரி விளக்கேற்றி உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை, என் தப்பு உட்பட, பெருமாளிடம் ஒன்றுவிடாமல் சொல்லுகிறேன். தனியாக இருப்பது வேறு, கைவிடப்பட்டிருப்பது வேறு என்று அவர் எனக்குப் புரியவைத்தார்.

இதைப் படிக்கிறவர்களில் பேச ஆளில்லாமல் ஒன்றை மனசில் பூட்டிவைத்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். திருவிடந்தை வரை வர முடியாவிட்டால் பரவாயில்லை. இருக்கிற இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் மறைத்ததைச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.