நாலாயிரத்து அறுநூறு கிலோவுக்கு மேல்

மேவிஸ் கனடாவில் குவெனல் என்ற ஊரின் மர ஆலையின் சமையலறையில் இருபது வருஷம் சூப் கிண்டியவள். அவள் கணவன் லாய்ட் அதே ஆலையில் ஃபோர்மன். ஓய்வு பெற்றதும் அவன் ஒரு பெரிய பிக்கப்பும், அதில் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வீடும் வாங்கினான். ஒன்பது கோடைகாலம் இருவரும் அதில் ஏரி ஏரியாகச் சுற்றினார்கள். மேவிஸ் ஒருநாள்கூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

"கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா லாய்ட்? நீ கண்ணசரு."

"டிரெய்லர் நாலாயிரத்து அறுநூறு கிலோவத் தாண்டினா லைசென்ஸ்ல தனி அனுமதி வாங்கணும். எழுத்துப் பரீட்சை, டாக்டர் சர்டிபிகேட், ஓட்டிக் காட்டணும். உனக்குக் காரையே ரிவர்ஸ் எடுக்க வராது. மேப்பைப் பாரு."

எடை விஷயத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் குளியலறைத் தராசில் அவள் பையை நிறுப்பான். தையல் மெஷின் மூன்று முறை வீட்டுக்குள் திரும்பிப் போனது. "சட்டம் மேவிஸ். நானா போட்டேன்?" என்பான்.

மலைகளுக்கு அப்பால் மானிடோபாவில் அவள் தங்கை புற்றுநோயில் கிடந்து, வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டபோதும், "மலையில இந்த எடைக்கு பிரேக் தாங்காது. பஸ்ல போக உன் முட்டியும் தாங்காது" என்றான். தங்கையின் அடக்கத்தை மேவிஸ் போனில் பார்த்தாள்.

பிப்ரவரியில் லாய்ட் மாரடைப்பில் போனான். டிரெய்லரை விற்கச் சொன்னான் மகன் டீன். மேவிஸ் டிரைவிங் பள்ளியில் பெயர் கொடுத்தாள். அவளுக்கு அறுபத்தாறு வயது.

சொல்லிக்கொடுக்க வந்த சுக்விந்தர் முன்னாள் லாரிக்காரர். முதல் நாளே பிக்கப்பையும் டிரெய்லரையும் நெடுஞ்சாலை எடைமேடையில் ஏற்றினார். பலகையில் வந்த எண்ணை இரண்டு முறை பார்த்தார்.

"ஆன்ட்டி, இந்த வண்டி இழுக்கலாம்னு போட்டிருக்கிறதைவிட ஐந்நூறு கிலோ கூட இருக்கு. யாரு இவ்வளவு ஏத்துனது?"

அடிப்பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு ஜெனரேட்டர், மீன் சுடும் இரும்பு அடுப்பு, நாலு பெட்டி ஸ்பானர், ஒரு வாளி தூண்டில் ஈயக்குண்டு. மேவிஸுடையது என்று உள்ளே ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

"போலீஸ் நிறுத்தலையா?"

"என் வீட்டுக்காரர நிறுத்தினதே இல்ல."

"கொடுத்து வச்சவர்தான். அதெல்லாம் இறக்குங்க. நீங்க பாஸானா லைசென்ஸ் கார்டுக்குப் பின்னாடி அந்த அனுமதியப் போட்டுத் தருவாங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் லாய்டின் பர்ஸிலிருந்து கார்டை எடுத்தாள். பின்பக்கம், கண்ணாடி போட்டு ஓட்ட வேண்டும் என்பது மட்டும் இருந்தது. டீனுக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பா டிரெய்லருக்கு லைசென்ஸே எடுக்கலடா."

"தெரியும்மா. ரெண்டு தடவை ஃபெயிலாயிட்டாரு. உன்கிட்ட சொல்லாதன்னாரு."

"ஒன்பது வருஷமாவா?"

"செத்தவரைப் போய் ஏம்மா..."

போனை வைத்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பரீட்சைப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள்.

ஜூனில் முதல் தடவையிலேயே தேறினாள். டிரெய்லரைத் தனியாக இழுத்துக்கொண்டு, வழக்கமாகத் தங்கும் ஏரிக்கரைக்குப் போனாள். பழைய கூட்டம் அங்கேயே இருந்தது. லாய்டின் இடத்தில் அவன் நினைவாக ஒரு பலகை அடித்திருந்தார்கள்: 'கவனமான ஓட்டுநர்.'

"ரிவர்ஸ்ல என்ன அழகா நிறுத்துற! எல்லாம் லாய்ட் சொல்லிக் கொடுத்ததா?" என்றாள் பக்கத்து டிரெய்லர் வில்மா.

"இல்ல. பீஸ் கட்டிக் கத்துக்கிட்டேன். லாய்டுக்கு டிரெய்லர் லைசென்ஸே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைப் பார்த்து வில்மா மெதுவாக அவள் தோளைத் தட்டினாள். "துக்கம் அப்படித்தான் பேச வைக்கும், கண்ணு."

மேவிஸ் மறுபடி சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குப் பணம் கட்டிய இடத்தை இரண்டாம் நாளே காலி செய்தாள். கொக்கியை மாட்டி, சங்கிலி போட்டு, விளக்குகளைச் சோதித்துக்கொண்டு கிளம்பினாள். வழியனுப்ப வந்தவர்கள் அவளுக்காகப் பரிதாபப்பட்டபடி கையசைத்தார்கள்.