மூடி ஆறும் வரை

தெருவில் எல்லோருக்கும் அவள் வேன்காரி. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஒரு சவாரி போய்வருவதற்குள் யாரிடமாவது மல்லுக்கு நிற்காமல் திரும்பமாட்டாள். ஆனால் சூடான இன்ஜினுக்கு முன்னால் மட்டும் அவளைப் போலப் பொறுமைசாலி கிடையாது.

அதற்குக் காரணம் அவள் புருஷன். முன்பு அந்த வேனை ஓட்டியவன் அவன்தான். அவசரச் சவாரி ஒன்றில், கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திருகினான். பீறிட்ட வெந்நீர் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. அழுது ஓய்ந்த பிறகு அவள் சாவியைக் கையில் எடுத்தாள்.

அன்றைக்கு வண்டியில் இருந்தது கொழுந்தன். வேலைக்கு நேர்முகத் தேர்வு. அந்த வேலைக்காக நாயாய் அலைந்தவளே அவள்தான். பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட, ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள். பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது.

கொழுந்தன் தண்ணீர் பாட்டிலோடு குதித்தான். "அண்ணி, மூடியத் தெறங்க. ஊத்திட்டுக் கிளம்பிடலாம்."

"ஆறட்டும்."

"நேரமாச்சு அண்ணி. துணியப் புடிச்சுத் தெறந்தா ஒண்ணும் ஆகாது."

"உங்கண்ணனும் துணியப் புடிச்சுத்தான் தெறந்தாரு."

அவன் கை பானெட்டை விட்டு நகரவில்லை. அவள் நடுவில் புகுந்து நின்றாள். இந்த வேலை கைநழுவினால் அடுத்தது எப்போது வாய்க்குமோ என்று அவளுக்கும் தோன்றியது. ஆனாலும் அசையவில்லை. அதே வழியில் போன லாரியை மறித்து, அதட்டலும் கெஞ்சலுமாகப் பேசி அவனை ஏற்றிவிட்டாள்.

"வேல கெடைக்கலைன்னா என் மூஞ்சியப் பாத்துத் திட்டு. அதுக்காவது கண்ணு வேணும்ல."

பிறகு வெயிலில் உட்கார்ந்து வேனையும் அதைச் செய்தவனையும் திட்டித் தீர்த்தாள். ரேடியேட்டரின் மேல் குழாயில் உள்ளங்கையைச் சுடாமல் வைத்திருக்க முடிந்த பிறகுதான் தடித்த சாக்கை மூடிமேல் போட்டாள். முகத்தை விலக்கிக்கொண்டு கொஞ்சமாகத் திருகினாள். உஸ்ஸென்று லேசாக வந்து அடங்கியது. அதற்கப்புறம்தான் முழுவதும் திறந்து தண்ணீர் ஊற்றினாள்.

வீடு திரும்பியதும் வாசலிலேயே சொன்னாள், "தம்பி போன் பண்ணுனான். கடைசி ஆளா உள்ள விட்டாங்களாம். முடிவு இன்னும் தெரியல."

"அது கெடக்கட்டும். கையக் குடு," என்றான் புருஷன்.

இரண்டு கைகளையும் விரல் விரலாகத் தடவிப் பார்த்தான். பிறகு முகத்தை. கடைசியாக, மூடியிருந்த அவளுடைய இமைகளை.

"சரி, சாப்பிடலாம் வா," என்றான்.