அண்ணன் சந்தோஷமாக இருக்கிறார்

வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, கரும்பலகை கிடையாது. கூரைமேல் எல் போர்டு வைத்த ஒரு சின்னச் சிவப்புக் கார் மட்டும் உண்டு. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று. அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்கு ஒரு கால் மட்டும் தடித்துவிட்டது என்று அவர் மனைவி சொல்வாள். அதை நம்புவதற்கில்லை. ஆனால் அவருடைய கால்சட்டைகளில் ஒரு பக்க முழங்கால் மட்டும் சீக்கிரம் வெளிறிப்போகும் என்பது உண்மை.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். கூடப்பிறந்தவர் அல்ல, பாடகர். வாத்தியார் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த இளவயதிலிருந்து கேட்டு வரும் குரல். வாத்தியார் என்றொருவர் உலகத்தில் இருப்பது அண்ணனுக்குத் தெரியாது. ஒருமுறை மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். அது தன் வரிசையைப் பார்த்துத்தான் என்பது வாத்தியாரின் கட்சி.

"உங்களுக்கு அண்ணன்னா எனக்கு மூத்தார் முறை" என்பாள் மனைவி. "ஒரு நாளாவது இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்திருக்காரா மனுஷன்?"

அண்ணன் பாடியதெல்லாம் துக்கம். காதலி போனாள், நண்பன் போனான், ரயில் போனது, மழைகூட வந்த வேகத்தில் போனது. ஒன்பது ஆல்பத்திலும் எதுவும் யாரிடமும் தங்கவில்லை. அவர் அடிவயிற்றிலிருந்து ஒரு 'ஆ' எடுத்தால் அது மெல்ல எழும்பி, நடுவில் நடுங்கி, எங்கேயோ உயரத்தில் போய்க் கரையும். அந்த 'ஆ'வைத்தான் வாத்தியார் தன் தொழிலுக்கு மூலதனமாக்கிக்கொண்டார்.

வண்டி பழக வருகிறவர்களுக்குப் பெரிய எமன் கிளட்ச். "மெதுவா விடுங்க" என்றால் யாரும் மெதுவாக விடுவதில்லை. 'மெதுவா' என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒரு மழை நாளில், ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் கால், ரேடியோவில் அண்ணனுடைய 'ஆ' எழும்பியபோது அதோடு சேர்ந்து தானாக எழும்பியது. வண்டி வெண்ணெயாக நகர்ந்தது. வாத்தியார் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து நீண்ட 'ஆ' என்றால் கிளட்ச். அண்ணன் பெருமூச்சு விட்டால் கியர். மூன்றாவது ஆல்பத்தில் ரயில் போகும் பாட்டு முழுக்க ரிவர்ஸில் வண்டி நிறுத்த. பரீட்சையில் பாட்டுப் போட விடமாட்டார்கள் என்பதால் மாணவர்கள் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு ஓட்டினார்கள். இழவு வீட்டு முகத்தோடு ஒருவர் முனகியபடி வண்டியை எடுத்தால் போதும், 'வாத்தியார் ஆளு' என்று பரீட்சை அதிகாரிக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் தேறினார்கள்.

பிறகு அண்ணன் பல வருடம் பாடாமல் இருந்தார். உடம்பு சரியில்லை என்றார்கள், குடி என்றார்கள். ஒருநாள் பத்தாவது ஆல்பம் வந்தது.

வாத்தியார் அன்று காலை வகுப்புகளை ஒத்திவைத்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, ஒரு மரத்தடியில் காரை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார். துக்கத்துக்குத் தயாராக மடியில் கைக்குட்டை.

முதலில் விசில் சத்தம். அடுத்து டுப் டுப் என்று மேளம். பின்னால் குழந்தைகள் கூட்டமாகக் கைதட்டினார்கள். அதற்கு நடுவில் அண்ணன், ஒன்பது ஆல்பத்தில் ஒருமுறைகூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "ஹேய்!"

முதல் பாட்டு காலையில் எழுந்து ஓடுவதைப் பற்றி. இரண்டாவது, புதிதாக வாங்கிய நாய்க்குட்டி. மூன்றாவது, புது மனைவியின் சிரிப்பு. ஆல்பத்தோடு வந்த பேட்டியில், குடியை விட்டுவிட்டதாகவும் நேரத்துக்குத் தூங்குவதாகவும், வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருப்பதாகவும் அண்ணன் சொல்லியிருந்தார். படத்தில் கன்னம்கூட லேசாக உப்பியிருந்தது.

வாத்தியார் ஐந்தாவது பாட்டோடு நிறுத்தினார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். தொலைபேசி அடித்தது. மெக்கானிக். சிவப்புக் காரின் வைத்தியர், அண்ணனின் பக்தர்களில் இன்னொருவர்.

"கேட்டியா வாத்தியாரே?"

"கேட்டேன்."

துக்கம் விசாரிக்க வந்தவர்போல மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

"குப்பை" என்றார் மெக்கானிக்.

"அவசரப்படாத. முழுசாக் கேட்டியா?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். நான் மூணு சோறு தின்னுட்டேன், வயித்தைக் கலக்குது."

"திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் இது பிடிபடும். அண்ணன் கஷ்டப்பட்டப்ப கூடவே இருந்தோம். இப்ப மனுஷன் நல்லா இருக்கறப்ப கைவிட்டுடறதா? இதுக்குப் பேர் துரோகம்" என்று சொல்லி வாத்தியார் இணைப்பைத் துண்டித்தார். அன்று மாலையே ஒன்பது பழைய ஆல்பத்தையும் காரிலிருந்து எடுத்து வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். இனிக் காரில் புதியது மட்டும்.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. புது ஆல்பத்தில் 'ஆ'வே இல்லை. எல்லாம் டுப் டுப். பேக்கரிக்காரர் என்று ஒரு மாணவர், அடுப்பளவு உடம்பு, ஆடுகிற பல்லைத் தொடுவதுபோல் பெடலைத் தொடுகிறவர். 'ஹேய்' வரும்போதெல்லாம் திடுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை அமுக்கினார். கார் தவளையாகத் தாவியது. பரீட்சையிலும் தாவியது. வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி ரிவர்ஸ் எடுக்கும்போது தாளத்துக்குப் பிரேக்கைத் தட்டித் தட்டி, அதிகாரியின் மூக்குக்கண்ணாடியைக் கீழே விழவைத்தாள்.

"சார், பழசைப் போடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று பேக்கரிக்காரர் கெஞ்சினார்.

"வண்டி ஓட்டறதுன்னா எல்லாப் பாட்டுக்கும் ஓட்டத் தெரியணும்" என்றார் வாத்தியார். இரண்டு மாதம் முன்னால் இதற்கு நேர்மாறாகச் சொன்னவர்.

இதெல்லாம் போகட்டும். அவருடைய உண்மையான கவலை வேறு. அப்போது அவரிடம் பழகிக்கொண்டிருந்தவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி.

அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவுப் பணியில் இடுப்பு தேய்ந்தவள். இப்போது வீடு வீடாகப் போய் முதியவர்களுக்குப் புண் கட்டிவிடும் பகல் வேலை ஒன்று கிடைத்திருந்தது. கார் வேலை கொடுப்பவர்களே தருவார்கள். ஒரே நிபந்தனை, மாதம் பிறப்பதற்குள் லைசென்ஸ். அதற்குள் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பரீட்சைத் தேதி. கல்யாணமானதிலிருந்து "புருஷன்கிட்ட வண்டி கத்துக்கறதும் பாம்புகிட்ட முத்தம் வாங்கறதும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். பழைய பாட்டுகளில் ஏறக்குறையப் பழகியும் விட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணனுக்குச் சந்தோஷம் வந்தது.

பரீட்சைக்கு முந்தைய வாரம், நாற்சந்திச் சிக்னலில் வண்டி மூன்றாவது தடவையாக அணைந்தது. பின்னால் ஹார்ன்கள் கச்சேரி நடத்தின.

"விடும்மா, மெதுவா... அண்ணன்கூடவே விடு."

"உங்க அண்ணன் எங்க நிக்கறாரு, கூடவே விட? அவரு ஓடிட்டே இருக்காரு!"

"பாட்டுல தப்பில்ல. நீதான் அதை உள்ள வாங்கல."

அவள் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டாள். "என்னங்க, ஒரே ஒரு கேள்வி. இந்த ஆல்பம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"ஆழமா இருக்கு."

"நாய்க்குட்டி பாட்டா?"

"அது வெறும் நாய்க்குட்டி இல்ல. அது ஒரு குறியீடு."

"எதுக்குக் குறியீடு?"

சிக்னல் பச்சையானது. வாத்தியார் வாழ்க்கையில் எந்தப் பச்சைக்கும் அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை.

மறுநாள் காரில் கருகல் வாடை. மெக்கானிக்கிடம் போகாமல் வேறு வழியில்லை. அவர் கிளட்ச் பிளேட்டைக் கழற்றி, பிரேதப் பரிசோதனை செய்தவர்போலத் தூக்கிக் காட்டினார்.

"போன மாசம் மாத்தின பிளேட்டு. உன் அண்ணன் சந்தோஷம் இதைத் தின்னுடுச்சு. இப்ப மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு, ஆல்பம் எப்படி?"

"மூணாவது பாட்டுல ஒரு இடம் நல்லா இருக்கு."

"எந்த இடம்?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "முடியற இடம்."

மெக்கானிக் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் வாத்தியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் அண்ணனின் புது மனைவியைப் பற்றிக் கொஞ்சம் தப்பாகப் பேசினார்கள். நல்லவளாகத்தான் இருக்கிறாள், அதுதான் சங்கடமே என்று முடித்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது மனைவி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். புது வேலைக்குக் கொடுத்த வெளிர்நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கழற்றி, முன்பிருந்த அதே மடிப்பில் மடித்து, அதே உறைக்குள் வைத்தாள்.

"திருப்பிக் குடுக்கறதா இருந்தா கசங்கியிருக்கக் கூடாதில்ல?"

வாத்தியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நல்லா இல்ல" என்றார்.

"சட்டையா?"

"ஆல்பம்."

சொன்னதுதான் தாமதம், அணை உடைந்துவிட்டது. விசில் ஏன், அந்தக் குழந்தைகள் யார் பெற்ற பிள்ளைகள், ஓடுகிறவன் ஓடவேண்டியதுதானே, அதை ஏன் பாடவேண்டும், 'ஹேய்' என்று யார் யாரைக் கூப்பிடுகிறார்கள். மூச்சு வாங்கும் வரை பொரிந்து தள்ளினார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மரத்தடியில் வராத தண்ணீர்.

"இதைச் சொல்ல இத்தனை நாளா? சரி, மனசுல இருந்தது வெளிய வந்துச்சே" என்றாள் அவள்.

"நாளைக்கே பழசைப் போட்டுடறேன். பரீட்சைக்கு நாள் இருக்கு. பாத்துக்கலாம்."

"பழசு வேண்டாங்க."

"ஏன்?"

"சொன்னா வருத்தப்படக் கூடாது. பழசு எனக்குச் சுத்தமாப் பிடிக்காது."

வாத்தியாருக்குக் காது அடைத்தது. "எது? ஏழாவதா? ஏழாவது கொஞ்சம் சுமார்தான், ஒத்துக்கறேன்..."

"ஒம்போதும். ராத்திரி பூரா வார்டுல முனகலைக் கேட்டுட்டு வந்து கார்ல உக்காந்தா, அங்கயும் ஒருத்தர் முனகறாரு. எனக்கு எழுந்துபோய் பிரஷர் பாக்கணும்போல இருக்கும்."

"அப்ப புதுசு?"

"புதுசு பிடிச்சிருக்கு. நாய்க்குட்டி பாட்டை வார்டுல எல்லாருக்கும் பாடிக் காட்டினேன். கிளட்ச்சுக்கு உதவாது, அது வாஸ்தவம்." அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த மனுஷன் இப்பதான் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கறாரு. நீங்க நாலு பேருக்குக் கிளட்ச் கத்துக்குடுக்கறதுக்காக அவரு ஆயுசு பூரா அழணுமா?"

 அண்ணனும் புது மனைவியும் லேசாகச் சண்டை போட்டுக்கொண்டால்கூடப் போதும், பெரிதாக வேண்டாம், ஓர் ஆல்பம் அளவுக்கு, என்று தான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் வாத்தியாருக்கே உறைத்தது.

அடுத்த நாள் காரில் எந்தப் பாட்டும் இல்லை. வாத்தியாருக்கு நிர்வாணமாக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? "இப்ப... இப்ப விடு... இல்ல இரு, இப்ப..." என்று தடுமாறினார்.

"நீங்களும் கொஞ்சம் பேசாம வாங்க" என்றாள்.

அவர் வாயை மூடினார். அப்போது இன்ஜின் கேட்டது. சீராக உறுமிக்கொண்டிருந்தது, அவள் கால் மெல்ல எழும்ப எழும்ப ஓர் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டது. இருக்கையில் ஒரு சின்ன நடுக்கம். அவள் காலை அங்கேயே நிறுத்தினாள். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பாளே, அந்த முகம்.

"இங்கதானே பிடிக்குது? நாடி மாதிரி இருக்கு."

வண்டி நகர்ந்தது. வாத்தியார் அந்த இன்ஜினைக் காது கொடுத்துக் கேட்டுப் பல காலமாகியிருந்தது. இடது முன்சக்கரப் பக்கம் ஏதோ கடகடப்பதும் அன்றுதான் தெரிந்தது. அது எத்தனை நாளாகக் கடகடக்கிறதோ!

பரீட்சை நாளன்று மைதானத்து ஓரம் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தார். வீதி மூலையில் கார் ஒரு கணம் நின்றபோது, அவர் கால் தரையில் இல்லாத கிளட்ச்சை மிதித்தது. கார் அணையவில்லை, திரும்பிப் போனது. நகம் தீர்ந்தபிறகு வந்தது. அதிகாரி இறங்கி, சந்தேகத்தோடு இவரிடம் நடந்து வந்தார்.

"உங்க ஆளுதானா? முனகவே இல்லையே."

"என் சம்சாரம் சார்."

"ஓ" என்றார் அதிகாரி. "அதான் முனகலையா? பாஸ், போங்க."

வாத்தியார் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போய்க் கதவைத் திறந்தார். அவள் நகரவில்லை.

"அந்தப் பக்கம் சுத்தி வந்து ஏறுங்க. எல் போர்டையும் கழட்டிப் பின்னால போடுங்க."

ஏறினார். சாலைக்கு வந்ததும் அவள் ஒரு கையால் தட்டி, புது ஆல்பத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். விசில் கேட்டது.

"இன்னிக்காவது இது வேண்டாமே" என்றார் வாத்தியார்.

"இன்னிக்குதாங்க வேணும்."

வண்டி மிதந்து போனது. வகுப்பில்கூட ஒருநாளும் தாண்டாத ஐந்தாவது பாட்டை அவர் பயந்து பயந்து தாண்டினார். ஆறாவது, அண்ணன் தன் தோட்டத்துக் கத்தரிச் செடிகளைப் பற்றிப் பாடியது, நாய்க்குட்டியை விட மோசம். அவள் கழுத்தை ஆட்டி ஆட்டி ரசித்தாள்.

"இன்னும் எத்தனை பாட்டு இருக்கு?" என்றார்.

"வீடு வர்ற வரைக்கும் இருக்கு" என்றாள் அவள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெரு வந்தது. வேகத்தைக் குறைக்காமல் அதைத் தாண்டி நேராகப் போனாள்.