கரண்ட் போன மதியமும் பதினோரு குஞ்சுகளும்

மாரியம்மனை நம்பி வாழ்கிற உங்கள் எல்லோர் முன்னாலும் என் தப்பை முதலில் ஒப்புக்கொண்டுதான் அவள் செய்த நன்மையைச் சொல்ல முடியும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் பட்டு நெய்கிறவன். வயது ஐம்பத்தாறு. தெருவில் முன்கோபக்காரன் என்று பெயர். அது பொய்யில்லை. மனைவி வள்ளி. எங்களுக்கு ஒரே மகள், சுதா. சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்தோம். போன வருஷம் மாசி மாதம் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். ஒன்பது மாதமும் நல்லபடியாகத்தான் போனது. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெண் குழந்தை. அழவில்லை. வயிற்றிலேயே உயிர் போயிருந்தது. யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை நானும் மருமகனும்தான் வாங்கிக்கொண்டு போனோம். நல்ல எடை இருந்தது குழந்தை. அந்தக் கனம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

குழந்தையும் அழவில்லை, அதற்கப்புறம் என் மகளும் அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவாள். படுக்கச் சொன்னால் படுப்பாள். பால் கட்டி வலித்தபோதுகூட வாய் திறக்கவில்லை என்று வள்ளி சொல்லிச் சொல்லி அழுதாள். மருமகன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். "அழுதுட்டா பொழச்சிக்குவா. அழாம கீறாளே, அதாங்க எனக்கு பயமா கீது" என்பாள் வள்ளி. நாங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான். எங்கள் பிள்ளையை ஒரு தடவை அழ வை தாயே.

சித்திரை பிறந்த வாரம், மொபெட்டில் கூடை கட்டிக்கொண்டு ஒரு கோழிக்குஞ்சு வியாபாரி தெருவில் வந்தார். கீச் கீச் என்று சத்தம். சுதா தானாக எழுந்து வாசலுக்குப் போனாள். ஒன்றரை மாதத்தில் தானாக எழுந்து வந்தது அன்றைக்குத்தான். ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கூடையில் இருந்த இருபத்தைந்தையும் இறக்கச் சொல்லிவிட்டேன்.

"ஒரு வாரம் பல்பு போட்டு வைங்க, குளிர் படக்கூடாது" என்று சொல்லிவிட்டு வியாபாரி போய்விட்டார். எந்தக் குளிர்? வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் தறி இருக்கும் அறைதான் பத்திரமான இடம். பூனை, காக்கை வராது. அங்கே மூலையில் பெரிய அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். பட்டு நெய்கிற வீடுகளில் உள்ளவர்களுக்குத் தெரியும், பாவு, அதாவது நீளவாட்டில் கட்டின பட்டு இழை, தறியில் இருக்கும்போது நாங்கள் ஜன்னலைத் திறக்க மாட்டோம். ஃபேன் போட மாட்டோம். காற்றுப் பட்டால் இழை காய்ந்து பட்பட்டென்று அறுந்துவிடும். முப்பது வருஷமாக அப்படியே மூடி வைத்துப் பழகின கை. வெயில் காலத்தில் இழைக்கு ஈரம் வேண்டுமென்று தரையில் தண்ணீர் தெளிப்பேன். அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு கை தண்ணீர் தெளிக்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். மேலே சிமெண்ட் ஷீட் கூரை, உள்ளே பல்பு, ஜன்னல் சாத்தி. அந்தச் சின்ன உயிர்கள் என்ன பாடுபட்டிருக்கும்.

மூன்றாம் நாள் இரண்டு குஞ்சு செத்தன. அடுத்த நாள் நான்கு. எங்கேயோ காற்று உள்ளே வருகிறது, குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஜன்னல் இடுக்கில் பழைய புடவையை வைத்து அடைத்தேன். மறுநாள் ஐந்து. பெட்டிக்கு மேல் சாக்கைப் போட்டு மூடினேன். சாகச் சாக மூடினேன். வள்ளி ஒரு தடவை, "இன்னாங்க, உள்ள நமக்கே மூச்சு முட்டுது" என்றாள். "உனக்கு இன்னா தெரியும்? பேஜார் பண்ணாம போ" என்று கத்தினேன்.

சுதா ஒவ்வொன்றையும் தானே எடுத்துப்போய்க் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வருவாள். ஐந்து செத்த அன்றைக்கு அவள் வள்ளியிடம் சொன்னதை நான் தறியில் உட்கார்ந்தபடி கேட்டேன்.

"நான் தொட்டது எதுவும் நிக்காதும்மா. என் கை அப்டி."

குரலில் ஒன்றுமே இல்லை. கடையில் உப்பு இல்லை என்று சொல்வது மாதிரி சொன்னாள். என் கால் தறியில் அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொழுது விடியும்போதே இன்னும் மூன்று போய்விட்டிருந்தன. உச்சி வெயிலில் செருப்பில்லாமல் அம்மன் கோயிலுக்கு நடந்தேன். நான் கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். "ஒண்ணை எடுத்தியே, போதலையா? இதுங்களையும் எடுத்து அவ தலையில பழியப் போடுறியே. உனக்குக் கண்ணு கீதா?" என்று கேட்டேன். ஆனாலும் அவள் குளிர இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். பிறகு கோபம் போய் அழுகை வந்தது. "மிச்சத்தையாவது விடு தாயே. அவ கையாலன்னு ஆவ வேணாம்" என்று விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பல்பு அணைந்தால் குஞ்சுக்குக் குளிர்ந்துவிடுமே என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். உள்ளே இருட்டு. சுதா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மீதி பதினொன்றும் இறக்கையை விரித்து, வாயைத் திறந்தபடி கிடந்தன. எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வெளிச்சம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் புடவையை உருவிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். பாவில் பத்து இருபது இழை அறுந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுதா விரலைத் தண்ணீரில் தொட்டு ஒவ்வொரு அலகிலும் வைத்தாள். அரை மணி நேரத்தில் ஒன்று எழுந்து நின்றது. பிறகு இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் பதினொன்றும் கிண்ணத்தைச் சுற்றி நின்று தண்ணீர் குடித்தன. வள்ளி வாசலிலிருந்தே கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. பல்பு எரிந்தது. அப்போது பார்த்தேன். பதினொன்றும் பல்புக்குக் கீழேயிருந்து ஓடிப்போய் தூர மூலையில் ஒண்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் மறுபடி வாய் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தன. உடனே ஸ்விட்சை அணைத்தேன்.

மறுநாள் காலையில் ஆரணி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். "இந்த வெயில்ல பகல்ல எதுக்குங்க பல்பு? ஜன்னலையும் சாத்தி வெச்சா வெந்துதான் போகும்" என்றார். குஞ்சு பல்புக்குக் கீழே ஒண்டினால் குளிர்கிறது, விலகி ஓடினால் சூடு, அதுவே நமக்குச் சொல்லும் என்றார். மண் சட்டியில் தண்ணீர், நாலைந்து தடவை மாற்ற வேண்டும். தீனியைக் காலையிலும் சாயங்காலமும் வைத்தால் போதும், உச்சி வெயிலில் வேண்டாம். நெருக்கமாக விடக்கூடாது. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். ஈரச் சாக்கு என்றதும், இழைக்காகத் தினமும் தண்ணீர் தெளிக்கிற எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு நினைப்பு வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். எப்படியோ பிழைத்துவிட்டது, இனி கேட்பார் யார், எதற்குச் சொல்ல வேண்டும் என்று. முப்பது வருஷம் தப்பு என்று ஒத்துக்கொள்ளாத வாய். ஆனால் முந்தின நாள் கோயிலில் நான் கேட்டதும் நினைவுக்கு வந்தது. அவள் கையால் என்று ஆக வேண்டாம் என்றுதானே கேட்டேன்? அம்மா தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி நான் வாய் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

சுதா கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"சுதா, உன் கை இல்லம்மா. நான்தான் சாவடிச்சேன். சூட்டுல போட்டு, ஜன்னலை அடைச்சி, பதினாலையும் நான்தான் சாவடிச்சேன். டாக்டரம்மா சொன்னாங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ என் கை இல்லியாப்பா?"

"இல்ல கண்ணு."

"பாப்பாவும்?"

"பாப்பாவும் உன்னால இல்லம்மா. உன்னால எதுவும் இல்ல."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அந்த மாதிரி அழுகையை நான் கேட்டதில்லை. என்னமோ ஏதோ என்று வள்ளி உள்ளேயிருந்து ஓடிவந்தவள், அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு தானும் உட்கார்ந்துவிட்டாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. அது அவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை.

கத்திரி வெயில் முடிகிற வரைக்கும் சுதாதான் தண்ணீர் மாற்றினாள், சாக்கு நனைத்தாள். பதினொன்றில் ஒன்றைப் பிறகு பூனை தூக்கிப்போனது. அதற்கும் அழுதாள், ஆனால் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆவணியில் மருமகன் வந்து கூட்டிப்போனார். போகும்போது நாலு கோழி கொண்டுபோனாள். முருங்கை மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள்.

என் பேத்தி திரும்ப வரவில்லை. அம்மா அதைக் கொடுக்கவில்லை. அந்தத் துக்கம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, இருக்கும். ஆனால் என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். நான் திட்டின அந்தக் கரண்ட் போனதை வைத்தே கொடுத்தாள். அன்றிலிருந்து வள்ளி ஒன்று சொன்னால் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுசாக வரவில்லை.

உங்கள் வீட்டில் அழ முடியாமல் யாராவது இருந்தால் அம்மாவிடம் போய்க் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேட்டுவிட்டு வந்த பிறகு, உங்கள் பக்கம் சொல்ல வேண்டிய உண்மை ஏதாவது இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள்.

இந்த வருஷமும் சித்திரை வந்துவிட்டது. சுதா விட்டுப்போன கோழி ஒன்று அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறது. தினமும் மதியம் சேத்துப்பட்டிலிருந்து போன் வருகிறது.

"ஜன்னல் தொறந்து வெச்சிகினு கீறியாப்பா?"

திறந்துதான் வைத்திருக்கிறேன். காற்று வருகிறது. இழை அறுகிறது. அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன்.